பழைய லேண்ட்லைன் வயர்லயே நெட் போனை ஓட விடறது எப்படி

எங்க வீடு பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைல, பழைய மாடி வீடு. லேண்ட்லைன் வாங்கின காலத்துல அப்பா ஹால்ல ஒன்னு, சமையக்கட்டு வாசல்ல ஒன்னு, மாடில ஒன்னுன்னு மூணு எடத்துக்கு செவுத்துக்குள்ளயே வயர் இழுத்து வச்சிட்டார். ஃபைபர் மாட்ட வந்த தம்பி மாடி ரூம்ல மோடத்தை வச்சு அது பக்கத்துலயே ஒரு போனை சொருகிட்டு, "இங்க மட்டும்தாண்ணா பேச முடியும், கீழ இருக்கறதெல்லாம் இனிமே சும்மாதான்"னு சொல்லிட்டு பைக்கை எடுத்துட்டு போயிட்டார். அம்மாவுக்கு முட்டி வலி. பிரான்ஸ்ல இருந்து அத்தை போன் பண்ணா அம்மா பத்தொம்பது படி ஏறி போய் எடுக்கறதுக்குள்ள மணி நின்னுடும், அப்புறம் அத்தை கோச்சிக்கும், அது தனிக் கதை.

அந்தத் தம்பி சொன்னது தப்பு. செவுத்துக்குள்ள இருக்கற அதே பழைய வயர்ல நெட் போனை ஓட விடலாம், மூணு எடத்துலயும் மணி அடிக்கும், புதுசா ஒரு ஓட்டை கூட போட வேணாம். நான் எங்க வீட்டுல பண்ணேன், ஒரு தடவை காசு நஷ்டப்பட்டு கத்துக்கிட்டேன், அப்புறம் கடலூர் மஞ்சக்குப்பத்துல மாமா வீட்டுலயும் பண்ணிக் குடுத்தேன்.

மொதல்ல ஒரு விஷயம் மண்டைல ஏறணும், அது ஏறிட்டா மிச்சமெல்லாம் ஸ்குரூ கழட்டி மாட்டற வேலைதான். போன் லைன்ல ரெண்டே கட்சிதான் இருக்கு, ஒன்னு குடுக்கற பக்கம், இன்னொன்னு வாங்கற பக்கம். டயல் டோன் குடுக்கறது, லைனுக்கு கரண்ட் குடுக்கறது, மணி அடிக்க வைக்கறது எல்லாம் குடுக்கற பக்கத்தோட வேலை. பழைய காப்பர் லைன்ல அது எக்ஸ்சேஞ்ச். சும்மா வச்சிருக்கும்போது லைன்ல 48 வோல்ட் டிசி நிக்கும், மணி அடிக்கும்போது அதுக்கு மேல 75 வோல்ட் வாக்குல ஏசி வரும். வாங்கற பக்கம்னா நம்ம போன், எத்தனை போன் இருந்தாலும் அதெல்லாம் வாங்கற பக்கம்தான். இப்ப ஃபைபர் மோடத்துக்கு பின்னாடி 'டெல்'னோ 'போன்'னோ 'பாட்ஸ்'னோ எழுதி ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அது ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். அதுவும் டோன் குடுக்கும், கரண்ட் குடுக்கும், மணி அடிக்கும். அதனால ஒரே வயர்ல தெருவுல இருந்து வர எக்ஸ்சேஞ்சும் இருந்து இந்த குட்டி எக்ஸ்சேஞ்சும் இருந்தா, ஒரு உறைல ரெண்டு கத்தி மாதிரி ஆயிடும். பெரிசு சிறுசை சாப்ட்டுடும், மோடம்ல இருக்கற அந்த போர்ட் புகைஞ்சுடும். தெருக் கம்பியை வீட்டு வயர்ல இருந்து பிரிக்கறதுதான் இந்த மொத்த வேலைக்கும் ஆணிவேர்.

மோடம்ல போன் ஓட்டையே இல்லாதவங்க, இல்ல மோடம் கம்பெனி நம்பர் வேணாம், எஸ்ஐபின்னு நெட் வழியா பேசற வேற நம்பர் வச்சிருக்கேங்கறவங்க, ஏடிஏன்னு ஒரு சின்ன டப்பா வாங்கணும், உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் நெட் கேபிள், இன்னொரு பக்கம் போன் வயர். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி 801ல ஒரு போன் லைன், 802ல ரெண்டு. வாங்கும்போது எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டான்னு பாத்து வாங்குங்க, அதுதான் குடுக்கற பக்கம். எஃப்எக்ஸ்ஓன்னு போட்டிருந்தா அது வாங்கற பக்கம், எக்ஸ்சேஞ்ச் லைனை உள்ள எடுத்துக்கறதுக்கு, நமக்கு ஆகாது. கடைக்காரர் ரெண்டும் ஒன்னுதான் சார்னு சொல்லுவார், நம்பாதீங்க, கடைசி எழுத்தைப் பாருங்க.

சாமான் பெருசா ஒன்னும் இல்ல. ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், ஒரு சின்ன ஃப்ளாட், கட்டிங் பிளையர், இன்சுலேஷன் டேப், ரெண்டு பக்கமும் ஆர்ஜே 11ங்கற சின்ன போன் பின் வச்ச வயர் ஒன்னு, அப்புறம் ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டருக்கு யோசிக்காதீங்க, சாதாரணமானது சில நூறு ரூபாய்க்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும், இது இல்லாம இந்த வேலையை பண்ணாதீங்கன்னே சொல்லுவேன். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் இதுக்கு ஒதவாது, அது 230 வோல்ட்டுக்கு எரியற சாமான், 48 வோல்ட் டிசிக்கு எரியாது, எரியலன்னு நம்பி கை வச்சிடாதீங்க.

செவுத்தை தொடறதுக்கு முன்னாடி ஒரு போனை நேரா மோடம்ல சொருகி டோன் வருதா, வெளிய கால் போகுதா, மொபைல்ல இருந்து அடிச்சா மணி அடிக்குதான்னு பாத்துடுங்க. நிறைய பேர் இதைப் பாக்காம வயரைப் பிரிச்சுப் போட்டு மூணு மணி நேரம் மண்டையை ஒடைச்சிட்டு கடைசில பாத்தா நம்பரே ஆக்டிவேட் ஆகி இருக்காது. இன்னொன்னு, 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்கு அடிக்கணும்னா முன்னாடி 0 போடணும், இந்த நெட் லேண்ட்லைனுக்கும் அதேதான். போகலியேன்னு பதறாம மொதல்ல 0 போட்டுப் பாருங்க.

அது சரியா இருந்தா இப்ப தெருக் கம்பி வீட்டுக்குள்ள எங்க வருதுன்னு தேடுங்க. கம்பத்துல இருந்து கருப்பா ரெண்டு கம்பி ஒட்டின மாதிரி ஒரு வயர் வரும், ஜன்னல் ஓரமாவோ வெண்டிலேட்டர் வழியாவோ உள்ள வந்து ஒரு வெள்ளை டப்பால முடியும், லைன்மேனுங்க ரோசெட்னு சொல்லுவாங்க. அங்க இருந்துதான் வீட்டுக்குள்ள மத்த எடத்துக்கெல்லாம் வயர் பிரிஞ்சு போகும். எங்க வீட்டுல அந்த டப்பா காலண்டருக்குப் பின்னாடி இருந்துச்சு, அப்பா போட்ட காலத்துல இருந்து யாரும் தொறந்ததே இல்ல. மூடியை கழட்டினா உள்ள ஒரு பல்லி முட்டை, அப்புறம் நாலு ஸ்குரூ, ரெண்டுல பச்சைப் பசேல்னு களிம்பு. கடக்கரை ஊரு, உப்புக் காத்து, தாமிரம்னா இப்படித்தான் ஆகும், நம்ம ஊர்ல பாதி போன் கோளாறுக்கு இந்தப் பச்சைதான் காரணம்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தொறந்த உடனே போட்டோ எடுத்துக்கோங்க. எந்தக் கலர் எந்த ஸ்குரூல இருக்குன்னு அப்புறம் ஞாபகம் இருக்காது. ஒரே ஸ்குரூல ரெண்டு மூணு வயர் சேந்து நிக்கும், அதுல வெளிய இருந்து வரது எது, உள்ள போறது எதுன்னு வயரை பிடிச்சு பின்னாடியே போய் கண்ணால பாத்து முடிவு பண்ணணும், குத்துமதிப்பா பண்ணக் கூடாது. இப்ப மீட்டரை டிசி 200ல வச்சு அந்த ரெண்டு ஸ்குரூலயும் முனையை வைங்க. 48 பக்கத்துல காட்டுச்சுன்னா லைன் உயிரோட இருக்கு.

இங்கதான் மாமா வீட்டுக் கதை. லைனை சரண்டர் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு, டயல் டோன் இல்ல, போன்ல ஒரு சத்தமும் இல்ல. மாமா "செத்த லைன்டா, தைரியமா மாட்டு"ங்கறார். மீட்டர் வச்சா 49 காட்டுது. டோனை நிறுத்தறது வேற, கம்பியை கழட்டறது வேற, அந்த ஜோடி கம்பி அந்தப் பக்கம் இன்னும் மாட்டியே கெடந்திருக்கு. மாமா பேச்சைக் கேட்டு அப்படியே சொருகி இருந்தா புது ஏடிஏ அன்னைக்கே போயிருக்கும்.

உயிர் இருந்தாலும் இல்லாட்டியும் வெளிக் கம்பி ரெண்டையும் ஸ்குரூல இருந்து கழட்டிடுங்க. வெட்டாதீங்க, கழட்டினா போதும், அது கம்பெனி கம்பி, நாளைக்கே வேணும்னு ஆகலாம். ரெண்டு கம்பிக்கும் தனித்தனியா டேப் சுத்தி, ஒன்னோட ஒன்னு படாம, டப்பாக்குள்ளயே ஓரமா மடிச்சு வைங்க. வேலை நடக்கும்போது யாராச்சும் அந்த லைனுக்கு அடிச்சா சுருக்குன்னு ஒரு அடி விழும், பெரிய ஆபத்து இல்லன்னாலும் ஸ்டூல் மேல நிக்கும்போது வாங்கினா கீழ விழுவீங்க. வெளிய இடி இடிச்சா அன்னைக்கு இந்த வேலையே வேணாம்.

லைன்தான் செத்துடுச்சே, எதுக்கு கழட்டணும்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். எங்க வீட்டு லைன்ல மீட்டர் பூஜ்யம் காட்டுச்சு, சரி அந்தப் பக்கம் ஒன்னும் இல்லன்னு வெளிக் கம்பியை மாட்டின மாதிரியே விட்டுட்டு ஏடிஏவை சேத்துட்டேன். மூணு வாரம் ராஜா மாதிரி ஓடுச்சு. ஐப்பசில ஒரு ராத்திரி பக்கத்துல எங்கயோ இடி விழுந்துச்சு, காலைல பாத்தா ஏடிஏல விளக்கெல்லாம் எரியுது, நெட் இருக்கு, போன்ல மட்டும் டோன் இல்ல. சமையக்கட்டு வாசல்ல இருந்த கார்ட்லெஸ்ஸும் காலி. கம்பம் கம்பமா வெட்டவெளில வர கம்பி அது, அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்ச் இல்லன்னாலும் மின்னலுக்கு அது ஏணிதான். சும்மா ரெண்டு ஸ்குரூ திருப்பாததுக்கு ஏடிஏ காசும் கார்ட்லெஸ் காசும் போச்சு.

ஃப்ளாட்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கீழ பார்க்கிங்லயோ படிக்கட்டுக்கு அடியிலயோ எல்லா வீட்டுக்கும் சேத்து ஒரு டப்பா இருக்கும், அதுல கை வைக்காதீங்க, பக்கத்து வீட்டு லைனை கழட்டி விட்டுடுவீங்க. உங்க வீட்டுக்குள்ள வர மொதல் ரோசெட்லயே பிரிங்க, அது போதும். அப்புறம் இன்னும் காப்பர்லயே பிராட்பேண்ட் வச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா, வெளிக் கம்பியை மோடத்துக்கு மட்டும் நேரா விட்டுட்டு வீட்டு வயரை அதுல இருந்து தனியா பிரிக்கணும், முழுசா கழட்டினா நெட்டே போயிடும். அந்தக் காலத்து ஸ்பிளிட்டர், ஃபில்டர்னு குட்டிக் குட்டி டப்பா எங்கயாச்சும் தொங்கிட்டு இருந்தா ஃபைபர் வச்சிருக்கறவங்க அதையெல்லாம் புடுங்கிப் போட்டுடுங்க.

பிரிச்சாச்சு. இப்ப வீட்டுல எல்லா போனையும் புடுங்கிட்டு, ஒவ்வொரு ரோசெட்லயும் மீட்டர் வச்சுப் பாருங்க, எங்கயும் வோல்ட் காட்டக் கூடாது. காட்டுச்சுன்னா வெளிய இருந்து இன்னொரு கம்பி வேற எங்கயோ உள்ள வருதுன்னு அர்த்தம், சில வீட்டுல ரெண்டு கனெக்ஷன் இருந்திருக்கும். அடுத்து மீட்டரை ஓம்ஸ்ல, சத்தம் வர மோடுல வச்சு அதே ரெண்டு ஸ்குரூல வைங்க. பீப்னு கத்தினா ரெண்டு கம்பியும் எங்கயோ ஒன்னோட ஒன்னு ஒட்டிட்டு இருக்கு, ஆணி அடிச்சதோ எலி கடிச்சதோ. அதை சரி பண்ணாம சேத்தா, போனை எடுத்து வச்ச மாதிரியே மோடம் நினைச்சுக்கும், அடிக்கறவங்களுக்கு எப்பவும் பிஸி. எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க மொதல் ரோசெட்ல இருந்து ஒவ்வொரு ரூம் வயரா கழட்டிப் பாருங்க, எதைக் கழட்டினா கத்தறது நிக்குதோ அந்த வயர்தான். எங்க வீட்டுல அது மாடி வயர். அதை அப்படியே அனாதையா விட்டுட்டு, மோடத்துல இருந்து கீழ ஹாலுக்கு ஜன்னல் வழியா புதுசா ரெண்டு கோர் வயர் ஒன்னு விட்டேன்.

களிம்பு பிடிச்ச நுனியை அப்படியே திரும்ப மாட்டாதீங்க. அரை இஞ்ச் வெட்டிட்டு புதுசா தோலை உரிச்சு, செம்பு பளபளன்னு தெரியற மாதிரி ஸ்குரூல சுத்தி முறுக்குங்க. ஸ்குரூவை பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சுடுங்க. லைன்ல கரகரன்னு சத்தம் வருதுன்னு கம்பெனியைத் திட்டறதுல பாதி இதோட தீந்துடும்.

இப்பதான் எல்லாரும் ஆச்சரியப்படற எடம். மோடத்தை மொதல் ரோசெட் பக்கத்துல கொண்டு போய் வைக்கணும்னு அவசியமே இல்ல. வீட்டு வயர் எல்லாம் பேரலல், ஒன்னோட ஒன்னு சேந்ததுதான், அதனால எந்த ரோசெட் வழியா டோனை உள்ள விட்டாலும் மத்த எல்லா எடத்துக்கும் போயிடும். தொட்டில எந்த மூலைல தண்ணி விட்டாலும் எல்லாப் பக்கமும் ஏறும் இல்ல, அப்படி. மோடத்துக்கு பக்கத்துல எந்த ரோசெட் இருக்கோ அதுல இந்த ஆர்ஜே 11 வயரை ஒரு பக்கம், மோடம் ஓட்டைல இன்னொரு பக்கம், அவ்ளோதான். ரோசெட்டே பக்கத்துல இல்லன்னா பின் வயரை ஒரு பக்கம் வெட்டிட்டு உள்ள பாருங்க, நாலு கம்பி இருந்தா நடுவுல இருக்கற ரெண்டுதான் நமக்கு, சாதாரணமா சிவப்பும் பச்சையும், கருப்பும் மஞ்சளும் வேலைக்கு இல்ல. அந்த ரெண்டையும் வீட்டு வயர் ரெண்டோட சேக்கணும். எது எதோடன்னு இப்ப வர போனுக்கு கவலை இல்ல, ரொம்பப் பழைய பட்டன் போன் ஒன்னு ரெண்டுதான் டோன் கேட்டும் நம்பர் அழுத்த விடாது, அப்ப ரெண்டையும் மாத்தி மாட்டினா சரியாயிடும்.

போன்களை ஒவ்வொன்னா சேருங்க, ஒவ்வொன்னுக்கும் மொபைல்ல இருந்து அடிச்சு மணியைக் கேளுங்க. எக்ஸ்சேஞ்ச் மாதிரி இந்த குட்டி டப்பாக்கு அவ்ளோ தெம்பு இல்ல, மூணு போன் வரைக்கும் பெரும்பாலும் ஒன்னும் ஆகாது, அதுக்கு மேல போனா மணி சத்தம் சோகையா கேக்கும், இல்ல அடிக்கவே அடிக்காது. ஏடிஏ கூட வர பேப்பர்ல ஆர்இஎன் அப்படின்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், அதுதான் தெம்போட அளவு. உள்ள நிஜ மணி வச்ச கருப்பு போன் ஒன்னே அதுல ஒரு முழு பங்கை தின்னுடும், புது எலக்ட்ரானிக் போன் ரொம்பக் கம்மியா எடுக்கும். சுத்தற டயல் போனை ஆசைக்கு மாட்டலாம், மணி அடிக்கும் பேசலாம், ஆனா நிறைய மோடத்துக்கு அந்த கட கட டயல் புரியாது, உள்ள வர காலுக்கு மட்டும்தான் ஆகும். பட்டன் போன்லயும் அடியில டோனுக்கு டி, பல்ஸுக்கு பி அப்படின்னு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அது டில இருக்கணும்.

கம்பெனி மோடம்னா செட்டிங்ஸ் எதுவும் நீங்க போட வேணாம். ஏடிஏ வச்சவங்கதான் போடணும். கிராண்ட்ஸ்ட்ரீம்ல போனை எடுத்து ஸ்டாரை மூணு தடவை அழுத்தி, அப்புறம் 02 அழுத்தினா ஒரு குரல் ஐபி நம்பரை படிச்சுக் காட்டும், அதை கம்ப்யூட்டர்ல பிரவுசர்ல போட்டா உள்ள போகலாம். நம்பர் குடுத்த கம்பெனி சர்வர் பேரு, யூசர், பாஸ்வேர்ட் குடுப்பாங்க, அதை எழுத்து மாறாம போடுங்க, கோடெக்னு குரலை நெட்ல அனுப்பற முறைங்க லிஸ்ட் ஒன்னு இருக்கும், அதுல ஜி 711ஐ மொதல் ஆளா வைங்க, ஒரு கால் ஒரு பக்கத்துக்கு 90 கேபிபிஎஸ் கிட்டத்தான் எடுக்கும், ஃபைபருக்கு அது தூசு. மணி அடிக்குது எடுத்தா ஒரு பக்கம்தான் கேக்குதுன்னா போன் வயரை நோண்டாதீங்க, ரூட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜின்னு ஒன்னு இருக்கும் அதை ஆஃப் பண்ணுங்க, பத்துல எட்டு தடவை அதுதான். நம்பர் அடிச்சு நாலஞ்சு செகண்ட் ஒன்னும் நடக்காம நின்னு அப்புறம் போகுதா, கடைசில ஹாஷ் அழுத்துங்க, உடனே போகும். நம்பரை லைசென்ஸ் இருக்கற நம்ம நாட்டு கம்பெனிகிட்ட மட்டும் வாங்குங்க, வெளிநாட்டு காலை இங்க எறக்கி விட்டா மாசம் காசு தரேன்னு எவனாச்சும் வந்தா வாசலோட அனுப்பிடுங்க, அது போலீஸ் கேஸ்.

பழைய 0413 நம்பரே வேணும்னா அது தனித் தலைவலி. மொபைல் மாதிரி லேண்ட்லைன் நம்பரை ஒரு கம்பெனில இருந்து இன்னொரு கம்பெனிக்கு தூக்கிட்டு போக முடியாது. அதனால காப்பர்ல இருந்து அதே கம்பெனி ஃபைபருக்கு மாறும்போதே நம்பர் மாறாம குடுங்கன்னு கேட்டுடுங்க, சரண்டர் பண்ணிட்டு அப்புறம் கேக்காதீங்க.

அப்புறம் கரண்ட். காப்பர் போனுக்கு கரண்ட் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வந்துச்சு, வீட்டுல லைட் போனாலும் போன் பேசும். இது அப்படி இல்ல, மோடத்துக்கு கரண்ட் போனா வீட்டுல எல்லா போனும் ஒன்னா படுத்துடும். தானே புயல் அடிச்ச 2011 டிசம்பர் 30ம், ஃபெஞ்சல் புயல் கரையேறின 2024 நவம்பர் 30 ராத்திரியும் நம்ம பக்கம் யாருக்கும் மறந்திருக்காது, ஃபெஞ்சல்ல பாண்டிச்சேரில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. அந்த மாதிரி ராத்திரிக்கு இந்த போனை நம்பி இருக்காதீங்க, மொபைலை சார்ஜ் போட்டு வைங்க, 112 அதுல இருந்து அடிங்க. சாதாரண ரெண்டு மூணு மணி நேர கரண்ட் கட்டுக்கு ரூட்டருக்குன்னே விக்கற மினி யுபிஎஸ் போதும், மோடம் அடாப்டர் மேல 12 வோல்ட் எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கறதைப் பாத்து அதுக்கு கம்மி இல்லாததா வாங்குங்க. ஏடிஏ தனியா இருந்தா அதுக்கும் சேத்து பாருங்க, அது பெரும்பாலும் 5 வோல்ட், 12 வோல்ட் பின்னை அதுல சொருகினா அதோட கதை முடிஞ்சுது.

வயர் ரொம்ப மோசம், எல்லாப் பக்கமும் களிம்பு, எங்க ஷார்ட்டுன்னே தெரியலன்னா வீம்புக்கு கட்டிட்டு அழாதீங்க. ஒரு பேஸ்ல ரெண்டு ஹேண்ட்செட் வர கார்ட்லெஸ் வாங்கி பேஸை மட்டும் மோடம்ல சொருகுங்க, இன்னொன்னை கீழ வச்சு சார்ஜ் போடுங்க, முடிஞ்சுது. எனக்கு வயர் போன்தான் பிடிக்கும், அம்மாவுக்கும் அதுதான், சார்ஜ் போட மறக்கற வீடு இது.

மூடியை போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு பெயிண்ட் அடிக்க வந்தவரோ எலக்ட்ரீஷியனோ அந்த ரோசெட்டைத் தொறந்து, ஐயோ பாவம் ரெண்டு கம்பி கழண்டு கெடக்கேன்னு நல்ல மனசோட திரும்ப மாட்டிட்டு போயிடுவார். அதனால மூடிக்கு உள்பக்கமா ஒரு சீட்டு ஒட்டுங்க. எங்க வீட்டு சீட்டுல அம்மா கையெழுத்துல இருக்கு: "டேப் சுத்தின கம்பி தெருக் கம்பி. சேர்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும்."